திட்டின் நடுவே துளை

மூன்றாவது தடவையும் பெட்டி செத்துப்போனது. வியாழக்கிழமை சாயங்காலம், மீனாம்பாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். காதில் செருகியிருந்த குமிழில் ஒரு கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. இடுப்பில் செருகியிருந்த பெட்டியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். முதல் தட்டில் உயிர் வந்தது, இரண்டாவது தட்டில் போனது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குமிழ், ஒயர், பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி, அப்போதுதான் வேலையிலிருந்து வந்து நின்ற புருஷன் கையில் வைத்தாள்.

“போதும்ங்க,” என்றாள்.

காது கேட்காதவர்கள் உரக்கப் பேசுவார்கள் என்பார்கள். மீனாம்பாள் நேர்மாறு. எங்கே கத்திவிடுவோமோ என்று பயந்து பயந்து, இந்த நாலு வருஷத்தில் அவள் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் எட்டும் என்ற அளவுக்கு இறங்கிப்போயிருந்தது.

“ஞாயித்துக்கிழமை தம்பி பாணி வர்றான். அவன்கூட குடியாத்தம் போறேன். கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்.”

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று ஆதிகேசவன் கேட்கவில்லை. கேட்பதானால் அவள் காதருகே குனிந்து கத்த வேண்டும். ஆம்பூரில் அவர்கள் இருந்தது ஒரே சுவரை இரண்டிரண்டு குடும்பம் பங்கிட்டுக்கொள்ளும் வரிசை வீடு. இந்தப் பக்கம் கத்தினால் அந்தப் பக்கம் சோறு தின்கிறவன் கை நிற்கும். அவன் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். எல்லாம் அதனதன் இடத்தில் பளபளவென்று இருந்தது. அதுதான் அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

அறுபத்து நாலில் வந்த விஷக் காய்ச்சலில் மீனாம்பாள் பிழைத்ததே பெரிய காரியம். காது மட்டும் முக்கால்வாசி போய்விட்டது. காது மெசின் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எழுதிப்போட்டு ஒரு வருஷமாவது காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். காத்திருந்தார்கள். வரவில்லை. இதற்கிடையில் வீட்டில் ஒரு பழக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. தோலில் கோடு போடுகிற வெள்ளிப் பென்சிலால் அவன் அதில் எழுதிவிட்டுப் போவான். ‘ஓவர்டைம்.’ ‘மழை வரும்.’ ‘எண்ணெய் வாங்கியாச்சு.’ சாயங்காலம் வந்து அழிப்பான். சில நாள் அழிக்கத் தேவையிருக்காது, நேற்று எழுதியதே இன்றைக்கும் பொருந்தும்.

குடியாத்தத்தில் அப்படியில்லை. அவள் தம்பி கோதண்டபாணி வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நாலு பவர்லூம் போட்டு லுங்கி நெய்தான். அந்த நாலு தறியும் ஓடும்போது அங்கே யாருக்குமே காது கேட்காது. எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். நூல் அறுந்தால் ஒரு விரல், சாப்பிட வா என்றால் ஒரு கை, ‘இரு, வர்றேன்’ என்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவது. போன தைப்பொங்கலுக்கு ஆதிகேசவனும் போயிருந்தான். கொட்டகை வாசலில் நின்று பார்த்தான். மீனாம்பாள் தறிகளுக்கு நடுவே நின்று தம்பி பெண்டாட்டியோடு கையை வீசி வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நடுநடுவே சிரிப்பு வேறு. அந்தக் கொட்டகையில் ஒன்றும் புரியாமல் நின்றவன் அவன் ஒருவன்தான்.

அன்றைக்குத் திரும்பிவரும் ரயிலில் அவன் முடிவு செய்ததுதான் இந்தப் பெட்டி.

ஆதிகேசவனுக்கு ரேடியோ வேலை தொழிலில்லை. பெல்ட்டும் கைப்பையும் செய்கிற ஒரு கொட்டகையில் பத்தொன்பது வருஷமாகத் துளை போட்டு, பித்தளை ஐலெட் அடிக்கிற வேலை. ஷூவில் கயிறு கோர்க்கிற துளையைச் சுற்றிப் பித்தளை வளையம் இருக்குமே, அதுதான் ஐலெட். கொட்டகையில் அதைக் ‘கண்’ என்பார்கள். கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருந்த ஆரோக்கியசாமி அவனுக்குத் தோஸ்த். மூன்று டிரான்சிஸ்டர், ஒரு மைக்கு, இரண்டு பேட்டரி இருந்தால் காதுக்குப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி செய்யலாம் என்று படம் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். மதராஸிலிருந்து இரண்டு பக்கமும் செம்பு ஒட்டிய அட்டைத் துண்டுகளையும் வாங்கிவந்து கொடுத்தான்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. ஒயரை இழுத்து முடிச்சுப் போடுவதற்குப் பதிலாக, அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் செம்பிலேயே பாதை வரைந்துகொள்வது இந்த முறை. வேண்டிய பாதைமேல் அரக்குப் பூசி மறைத்து, அட்டையைத் திராவகத்தில் போட்டால், மறைக்காத செம்பெல்லாம் கரைந்துபோகும். மறைத்தது மட்டும் ஒயராக நிற்கும். பாதை முடிகிற இடத்தில் காலணாவில் பாதி அகலத்துக்கு ஒரு செம்புத் திட்டு. சாமான்களின் கம்பிக் காலை அந்தத் திட்டின்மேல் படுக்கவைத்து ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். பெட்டி இடுப்பில் செருகுகிற மாதிரி தட்டையாக வர வேண்டும் என்பதால் கால்களைத் துளைக்குள் விடாமல் படுக்கப்போட்டது ஆதிகேசவனின் யோசனை.

கீழ்ப்பக்கத்துச் செம்பை அப்படியே விட்டுவிடச் சொன்னான் ஆரோக்கியசாமி. “அதான் எர்த். முழுத் தகடா இருந்தா பெட்டி விசிலடிக்காது. மேலே எங்கெங்க எர்த் வேணுமோ, அங்கெல்லாம் ஓட்டை போட்டு கீழே இணைச்சுடு.”

ஓட்டை போடுவதா! அது அவன் சோறு. கைப்பையின் வாருக்கு அடிக்கிற ஆகச் சிறிய ஐலெட்டை எடுத்தான். ஏழு திட்டுகளில் காம்பஸ் வைத்து நடு மையம் பிடித்து, மயிரிழை விலகாமல் துளைத்து, ஐலெட் அடித்து, அதன் வாய்மேல் கம்பிக் காலைப் படுக்கவைத்துப் பற்றவைத்தான். பார்த்தால் நகை மாதிரி இருந்தது.

முதல் தடவை இருபது நிமிஷம் வேலை செய்தது. இரண்டாவது தடவை ஒரு பகல். மூன்றாவது தடவை, இந்த வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் பெட்டியோடு ஆரோக்கியசாமி கடைக்குப் போனான்.

“வாப்பா, இன்ஜினீயர்! இன்னா, மறுபடியும் பேஜார் பண்ணுதா?”

“தட்டினா பேசுது. விட்டா செத்துப்போவுது.”

“உன்ன மாதிரின்னு சொல்லு. நீயும் தட்டினாத்தான பேசுற.” ஆரோக்கியசாமி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வேலை ஜம்முனு கீதுப்பா. ஒரு குத்தம் சொல்ல முடியாது. டிரான்சிஸ்டர் புட்டுக்கிச்சோ இன்னாவோ. வேற ஒண்ணு போட்டுத் தரட்டா?”

“அது நல்லாத்தான் கீது. அளந்து பாத்தேன்.”

“அப்ப பேட்டரி?”

“புதுசு.”

“அப்ப உன் சம்சாரத்தைச் சொல்லணும். ஆட்டாம அசையாம ஒரே எடத்துல உக்காரச் சொல்லு,” என்று சிரித்தவன், எதிரே இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “இன்னாடா, எதனா விசேஷமா?”

ஞாயிற்றுக்கிழமை அவள் போகிறாள், போனால் திரும்பமாட்டாள் என்று தோன்றுகிறது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆதிகேசவன் வாய் திறந்தான்.

“ஒண்ணுமில்ல. பத்தவைக்கிற அயர்ன் ரெண்டு நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்,” என்றான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மீனாம்பாள் குழாயடிக்குப் போயிருந்தாள். தகரப் பெட்டி திறந்து கிடந்தது. பாதி அடுக்கியிருந்தாள். இரண்டு புடவைக்குப் பதிலாக ஆறு புடவை. அதை எண்ணியபின் அவன் பெட்டிப் பக்கம் போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பலகையைப் போட்டு, அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இந்தத் தடவை அழகைப் பார்க்கவில்லை. தோல் தைக்கிற குத்தூசியை எடுத்து, பற்றவைத்த கால்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தான். மொத்தம் இருபத்து நாலு. அசைந்ததற்குப் பக்கத்தில் வெள்ளிப் பென்சிலால் ஒரு புள்ளி. முடித்துவிட்டு எண்ணினால் ஏழு புள்ளி. ஏழும் ஐலெட் இருக்கிற திட்டு. ஐலெட் இல்லாத பதினேழில் ஒன்றுகூட அசையவில்லை.

அட்டையைத் திருப்பினான். முதல் நாளிலிருந்தே அங்கே இருந்ததுதான், கண்ணில் பட்டும் மனதில் படாமல் இருந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் ஒவ்வொரு ஐலெட்டின் வாயிலும் கொழுத்த ஈயத் துளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வைத்த ஈயம்! வைக்க வைக்கத் துளை வழியாக இறங்கிக் கீழே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து ஒரு திட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தான். கம்பிக் காலைச் சுற்றி வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு ஏடு. அதற்கடியில் வெறும் பள்ளம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த ஏடுதான் பளபளவென்று தெரியும். மீனாம்பாள் குனிந்து நிமிர்ந்தால் ஏடு விரிசல் விடும், திரும்ப ஒட்டும், மறுபடி விடும்.

ஆதிகேசவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டின் நடுவில் துளை போடச் சொல்லி ஆரோக்கியசாமி சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. தோல் வேலையில் ஐலெட் அடிக்கிற இடத்துக்கு அடியில் வலுவுக்கு ஒரு சின்னத் தோல்துண்டு ஒட்டுவார்கள். கண் அந்தத் துண்டின் நட்டநடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் இழுக்கிற இழுப்பில் கிழிந்துவிடும், மேஸ்திரி வாரை முகத்தில் எறிவார். பத்தொன்பது வருஷமாகக் கைக்குத் தெரிந்த ஒரே நியாயம் அதுதான். செம்புத் திட்டைப் பார்த்ததும் கை அதைத் தோல்துண்டென்று நினைத்துக்கொண்டது. தோலில் துளைக்கு அருகில் எதுவும் உருகி ஓடுவதில்லை. இங்கே ஓடுகிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மற்றத் திட்டுகளில் அயர்னை வைத்து இரண்டு எண்ணுவதற்குள் ஈயம் உருகிப் பிடித்துக்கொண்டது. இந்த ஏழில் மட்டும் இருபது எண்ணினாலும் மசமசவென்று நின்றது. காரணம் கீழே இருக்கும் தகடு. இவன் மேலே கொடுக்கிற சூட்டையெல்லாம் ஐலெட் வழியாக அந்த முழுத் தகடும் குடிக்கிறது. பாலாற்று மணலில் ஒரு செம்பு வெந்நீரை ஊற்றி, அந்த இடம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்த கதை. விடாமல் அழுத்திக் காய்ச்சினால் கடைசியில் ஈயம் தண்ணீராகி, திறந்திருக்கும் துளையில் ஓடிவிடுகிறது. கம்மியாகக் காய்ச்சினால் பிடிக்காது, ஜாஸ்தியாகக் காய்ச்சினால் தங்காது.

தகட்டையே எடுத்துவிட்டால்? பெட்டி விசிலடிக்கும். தகடு வேண்டும், சூடு மட்டும் போகக்கூடாது. ரொம்ப நேரம் யோசித்தான். சத்தம் போகிற மின்சாரம் கொஞ்சூண்டு, அதற்கு நூல் அகலத்துக்குச் செம்பு இருந்தால் போதும். சூட்டுக்குத்தான் அகலப் பாதை வேண்டும். அப்படியென்றால் பாதையை ஒடுக்கிவிட வேண்டியதுதானே? கீழ்ப்பக்கம் ஐலெட்டைச் சுற்றி வட்டமாகச் செம்பை எடுத்துவிட்டு, சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி விட்ட மாதிரி மெலிசாக நாலே நாலு செம்பு இழை விட்டால், எர்த் கிடைக்கும், சூடு தங்கும்.

மேல்பக்கம் துளையைத் திட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்து, நடுவில் ஒரு மெல்லிய கழுத்துப் பாதை. அந்தக் கழுத்தின்மேல் அரக்குப் பூசிவிட்டால் ஈயம் அதைத் தாண்டாது. அரக்கின்மேல் ஈயம் ஒட்டாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெள்ளிப் பென்சிலை எடுத்துப் புது அட்டையில் வரைய ஆரம்பித்தான். துளையை மையத்தை விட்டு ஓரமாகக் குறிக்கும்போது ஏழு தடவையும் கை தானாக நடுவுக்குப் போயிற்று. ஏழு தடவையும் இழுத்துக்கொண்டுவந்தான்.

மீனாம்பாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவன் முதுகை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அவள் வந்ததை அறியாமலில்லை, திரும்பினால் என்ன சொல்வது என்றுதான். அவள் மிச்சத் துணியை மடிக்கப் போனாள்.

ஞாயிறு காலை நல்ல வெயில். வாசலில் பீங்கான் தட்டில் திராவகத்தை ஊற்றி அட்டையைப் போட்டான். வேலூரில் அச்சுக்கு பிளாக் செய்கிறவரிடமிருந்து வந்த காவி நிறத் திராவகம், வெயிலில் வைத்தால் சீக்கிரம் வேலை செய்யும். அரக்கு மட்டும் சொந்தச் சரக்கு, கைப்பைக்குக் கடைசியில் பூசுகிற கறுப்பு மினுக்கு. முக்கால் மணியில் கோடுகள் தெளிந்து வந்தன. பல்பைக் கழற்றி அந்த ஹோல்டரில் அயர்னைச் செருகினான். முதலில் ஐலெட்டுகளை மட்டும் இரண்டு பக்கமும் பற்றவைத்து, கழுத்துக்கு அரக்கு பூசிக் காயவிட்டு, பிறகு கால்களைப் படுக்கவைத்தான். ஒன்று, இரண்டு. ஈயம் உருகி, திட்டு முழுக்கப் பரவி, சின்ன மேடாக அங்கேயே நின்றது. எங்கேயும் ஓடவில்லை. ஏழும் அப்படித்தான். குத்தூசியால் நெம்பினான், ஊசிதான் வளைந்தது.

மணி இரண்டரை. நாலு மணிக்கு ரயில். கோதண்டபாணி வந்து சாப்பிட்டுவிட்டு ஜட்கா வண்டி பிடிக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மீனாம்பாள் புறப்பட்டுத் தயாராக, தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஆதிகேசவன் போய் அவள் எதிரே உட்கார்ந்து பெட்டியை நீட்டினான். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள், பிறகு குமிழைக் காதில் வைத்துக்கொண்டாள்.

அவன் மைக்கருகே வாயை வைத்து எப்போதும் சொல்வதையே சொன்னான்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு.”

“கேக்குது.”

பெட்டியைத் தட்டினான். குலுக்கினான். அரையடி உயரத்திலிருந்து பாயில் போட்டான். “ஒண்ணு, ரெண்டு, மூணு.”

“கேக்குதுங்க. நல்லாவே கேக்குது.” அவள் எழுந்து நடந்தாள், குனிந்தாள், குடத்தைத் தூக்கி வைத்தாள். அடுத்த வீட்டில் யாரோ இருமினார்கள், சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு மறுபடியும் தகரப் பெட்டிமேல் வந்து உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஒண்ணு, ரெண்டு...”

“எண்ணிக்கை போதும். வேற எதனா பேசுங்க.”

ஆதிகேசவன் தேடினான். நாலு வருஷத்தில் இவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்ததெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டிருந்தது.

“மழை வரும்போல கீது,” என்றான்.

வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மீனாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது பலகையில எழுதுறதாச்சே! இதுக்கா ஏழு மாசம் மெசின் பண்ணீங்க?” சிரிப்பு அடங்கியபின் மெதுவாகச் சொன்னாள். “காது எனக்குத்தான் போச்சு. நீங்க ஏன் பேசுறத உட்டீங்க? குனிஞ்சு ஒரு வார்த்தை கத்தியிருந்தா இன்னா? ஊரு கேட்டா கேட்டுட்டுப் போவட்டுமே. நான் இந்த வூட்டுல ஒண்டியா இருந்தது காது கேக்காததால இல்ல.”

அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய அட்டையை எடுத்து, அறுத்த இடத்தை அவளுக்குக் காட்டினான்.

“இதப் பாரு மீனா. மேல பாத்தா நல்லாப் புடிச்சிருக்கிற மாதிரி கீதுல்ல? உள்ள பாரு, ஒண்ணுமே இல்ல. ஈயமெல்லாம் இந்த ஓட்டை வழியா அந்தாண்ட போயிடுச்சு. யார் தப்புன்னு கேளு. என் தப்புதான். தோலுல அடிக்கிற மாதிரியே நடுவுல அடிச்சுட்டேன்...”

அவள் குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் அந்தப் பள்ளத்தைத் தொட்டாள். அவன் துளையைத் தள்ளி வைத்ததைச் சொன்னான், ஏழு தடவை கை நடுவுக்கு ஓடியதைச் சொன்னான். அரக்கு பூசிய கழுத்தைச் சொன்னான். தன் குரல் இவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடுவது அவனுக்கே புதிதாக இருந்தது. “அதோட முடியல. கீழ இந்தத் தகடு கீது பாரு, அதான் பெரிய கூத்து—”

“அக்கா! மாமா! ஜட்கா வந்தாச்சு, டைம் ஆவுது!” வாசலில் கோதண்டபாணி தறிக் கொட்டகைக் குரலில் கத்தினான். மீனாம்பாள் துள்ளிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாசலை நோக்கி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரு, வர்றேன்.

எழுந்தாள். குமிழைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, பெட்டியைக் கரும்பலகைக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தாள்.

ஆதிகேசவனும் எழுந்தான். “எடுத்துட்டுப் போ,” என்றான், கேட்காது என்பதை மறந்து. மறுபடி குனிந்து, நாலு வருஷத்தில் முதல்தடவையாக அடுத்த வீட்டைப் பற்றி நினைக்காமல் காதருகே கத்தினான். “எடுத்துட்டுப் போ மீனா!”

“அங்க தறி சத்தத்துல இது எதுக்கு? இங்கயே இருக்கட்டும்.” தகரப் பெட்டியைத் திறந்து நாலு புடவையை எடுத்துப் பாயில் வைத்தாள். “வெள்ளிக்கிழமை வர்றேன். அந்தத் தகடு கதைய அப்ப சொல்லுங்க. அதுக்குள்ள வேற எதனாவும் சேத்து வைங்க. தகடு ஒண்ண வெச்சிக்கினு எத்தினி நாளைக்கு ஓட்டுவீங்க?”

ஜட்கா போனது. அவன் வந்து கதவைச் சாத்தினான். வெள்ளிக்கிழமை வரை ஐந்து நாள். வருவாள் என்று அவள் சொன்னதும் நிஜம், பாயில் கிடக்கும் அந்த நாலு புடவையும் நிஜம். ஆனாலும் வீடு வீடாக இல்லை.

மாடத்திலிருந்து பெட்டியை எடுத்துக் குமிழைத் தன் காதில் வைத்துக்கொண்டான். வீட்டின் சத்தம் பெரிதாகிக் கேட்டது. குடத்தில் சொட்டுகிற தண்ணீர். ஓட்டில் ஏதோ ஊர்கிறது. தன் மூச்சு. பேச்சில்லாத இந்த வீட்டில்தான் இரண்டு பேரும் இத்தனை நாள் தனித்தனியாக இருந்திருக்கிறார்கள். கரும்பலகையில் ‘மழை வரும்’ என்று புதன்கிழமை எழுதியது அப்படியே இருந்தது. எழுந்து அழித்தான்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே பாயில் வந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். அது காதில் இடி மாதிரி விழுந்தது.

“கீழ இந்தத் தகடு கீது பாரு, மீனா,” என்று ஆரம்பித்தான். குரல் சரியாக வரவில்லை. கொஞ்சம் இறக்கி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.